பண்பாடு என்பது மேடையில் ஆடுவது மட்டும்தானா?

"பன்முகத்தன்மையைக் கொண்டாடுவோம்" என்று ஓர் அறிவிப்பு வந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரவர் பாரம்பரிய உடையில் வருவார்கள், சிலர் ஆடுவார்கள், சிலர் பாடுவார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி. இந்த விழாக்கள் மீது எனக்குக் கோபமில்லை. அங்கே ஆடுகிறவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் பண்பாடு என்றாலே இவ்வளவுதான் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871ஆம் ஆண்டிலேயே இதை விரிவாகப் பார்த்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு சமூகத்தில் வாழ்வதால் மனிதன் பெறும் அத்தனையும் அவருக்குப் பண்பாடுதான். யாருக்கும் அது ரத்தத்தோடு வருவதில்லை. பழகிப் பழகித்தான் படிகிறது. படிந்த பிறகு கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. எவ்வளவு தாமதித்தால் அது தாமதம், மறுப்பை நேராகச் சொல்வதா சுற்றி வளைத்துச் சொல்வதா, பெரியவர் தவறாகப் பேசினால் அங்கேயே திருத்தலாமா என்பதெல்லாம் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. ஆனால் மனிதர்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

நான் கலந்துகொண்ட ஓர் அலுவலகக் கூட்டத்தைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வந்திருந்தார். மற்றவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பேச வாயெடுப்பார், யாரோ முந்திக்கொள்வார்கள், மீண்டும் குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். கூட்டம் முடிந்ததும் பொறுப்பாளர் சொன்னார்: "அவரிடம் சொந்தக் கருத்து எதுவும் இல்லை போலிருக்கிறது." ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேச வேண்டும் என்று வளர்ந்தவர் அந்தப் பெண். இடைமறித்துப் பேசுவதுதான் ஈடுபாட்டின் அடையாளம் என்று வளர்ந்தவர்கள் மற்றவர்கள். இரண்டுமே பண்பாடுதான், இரண்டிலும் தவறில்லை. ஆனால் அவருடைய வழக்கத்துக்கு மட்டும் 'கூச்ச சுபாவம்' என்று பெயர் வந்தது. மற்றவர்களின் வழக்கமோ கூட்டம் நடத்தும் முறையாகவே ஆகிவிட்டது.

பெரும்பான்மையினர் எங்கும் செய்யும் பிழை இது. தங்களுடையது இயல்பு, அடுத்தவருடையதுதான் பண்பாடு என்று நினைத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பன்முகத்தன்மை வெறும் தலைக்கணக்காகச் சுருங்கிவிடுகிறது. வெவ்வேறு முகங்களை உள்ளே சேர்த்தாயிற்று, விளம்பரப் படத்திலும் நிறுத்தியாயிற்று. விதிகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்றால், வந்தவர்களிடம் நாம் கேட்பது, தங்கள் வித்தியாசத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பதைத்தான்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது என்று நினைக்கிறேன். "இது எங்கள் பண்பாடு, யாரும் கேள்வி கேட்கக் கூடாது" என்று சொல்லி வாயடைப்பது. யுனெஸ்கோ 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பண்பாட்டுப் பன்முகத்தன்மைக்கான உலகளாவிய பிரகடனம், இயற்கைக்கு உயிரினப் பன்மை எவ்வளவு அவசியமோ மனித குலத்துக்குப் பண்பாட்டுப் பன்மை அவ்வளவு அவசியம் என்கிறது. இந்த வரியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பிரகடனத்தின் 4ஆவது பிரிவை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பண்பாட்டுப் பன்முகத்தன்மையைக் காரணம் காட்டி மனித உரிமைகளை மீறவோ குறைக்கவோ எவருக்கும் இடமில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? எந்தச் சமூகமும் ஒரே குரலில் பேசுவதில்லை. 'எங்கள் பண்பாடு' என்று வெளியே வந்து பேசுகிறவர் பெரும்பாலும் அந்தச் சமூகத்திலேயே அதிகாரம் உள்ளவராகத்தான் இருக்கிறார். அங்கேயே பிறந்து, அதே மொழியில் சிந்தித்து, அதே முன்னோர்களை நேசித்துக்கொண்டே ஒரு வழக்கத்தை மட்டும் ஏற்க மறுக்கும் பெண்ணும் இளைஞரும் அந்தப் பண்பாட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் அல்லர். இன்று பழம்பெருமையாகப் பேசப்படும் எத்தனையோ வழக்கங்கள் ஒரு காலத்தில் யாரோ துணிந்து மாற்றியதால் வந்தவை. அப்படி மாற்றியவர்களையும் அவர்கள் காலத்தில் துரோகி என்றுதான் ஏசியிருப்பார்கள். வேற்றுச் சமூகத்தாரின் வித்தியாசத்தை மேடையேற்றிக் கைதட்டுகிற நாம், நம் வீட்டுக்குள் எழும் மாற்றுக் குரலை உட்காரவைத்துக் கேட்கிறோமா?