வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் பதிவு உண்டு

“ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் பெற்றால் பிறப்புச் சான்றிதழ் தரமாட்டார்கள், பொலிஸ்தான் வரும், அதனால் யாருக்கும் சொல்லாதீர்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டுத்தான் சனம் பிள்ளையை ஒளிக்கிறது.

இலங்கையில் வீட்டில் பிறந்தது என்பதற்காகப் பதிவை மறுக்க முடியாது. கிராம சேவகரின் அறிக்கையோடு 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் போனால் சரி. பிந்தினால் அலைச்சல்தான் கூடும்.

சட்டச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது, பால் குடிக்கவில்லை என்று தெரிந்தும் வைத்தியரிடம் காட்டாமல் விட்டால், அது தண்டனைச் சட்டக்கோவை 308அ சொல்லும் வேண்டுமென்றே பராமரிக்காமல் விட்ட குற்றம் ஆகலாம். மறைக்கச் சொல்லும் அறிவுரை அங்கேதான் கொண்டுபோய் விடும்.

மூதூரில் என் மச்சாளுக்கு மழை இரவில் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. விடியவே மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சொன்னோம். வந்தவர் ஏசவில்லை (கொஞ்சம் ஏசினார்தான்). தொப்புள்கொடியைப் பார்த்தார், தாயின் வயிற்றை அமத்தி இரத்தப்போக்கைப் பார்த்தார், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பொலிஸ் யாரும் வரவில்லை.

மிட்வைஃபோ வைத்தியரோ துணையில்லாமல் பெறத் திட்டமிடுவது வேறு விசயம். இரத்தம் நிற்காவிட்டால் மணித்தியாலக் கணக்கில் யோசிக்க நேரமிராது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், காசு கட்டத் தேவையில்லை.