"முதலீடு" என்ற சொல்லை உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து காரில் ஏறப் போகும்போது ஒரு தம்பி வந்து நின்றார். அவருடைய மகளுக்கு எட்டு வயது. நன்றாக ஓடுகிறாள், பந்து அவள் காலை விட்டு விலகுவதில்லை என்று ஒரு கால்பந்து கிளப்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதாம். ஆண்டுக் கட்டணம் 2,400 டாலர். "அக்கா, அதிகமாகத்தான் தெரிகிறது. ஆனால் பின்னால் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்கிறார்கள். ஒரு முதலீடு மாதிரிதானே?" என்று கேட்டார்.

வெயிலில் நின்றுகொண்டு அவருக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். டாலஸ் பக்கத்தில் பெண் பிள்ளைகளைக் கால்பந்தில் சேர்த்திருக்கும் நம் குடும்பங்கள் இப்போது நிறைய. எல்லோரிடமும் இதே கேள்வி இருக்கிறது.

என் மகள் பத்து வயதில் கிளப்பில் சேர்ந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரி. போன ஆண்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். கிளப் கட்டணம் 3,200 டாலர். சீருடை 420. பயிற்சியாளரின் பயணம், போட்டி நுழைவுக் கட்டணம் என்று அணிக் கணக்கில் தனியாக 900. வெளிமாநிலப் பயணம் நான்கு. விமான டிக்கெட், ஹோட்டல், வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 1,200. அதுவும் பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் போனதால். கல்லூரிகள் நடத்தும் முகாம்கள் ஐந்துக்கு 950. ஷூ மூன்று ஜோடி 350. ஆட்டங்களைப் படம்பிடித்து வெட்டி ஒட்ட 280. மொத்தம் 10,900 டாலர். சேரும்போது எங்களிடம் காட்டிய தாளில் இருந்தது அந்த முதல் தொகை மட்டும்தான். மற்றவை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மின்னஞ்சலாக வந்து சேர்ந்தன.

இதில் என்னை இன்றும் கோபப்படுத்துவது ஹோட்டல். போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், இல்லையென்றால் அணியையே சேர்க்க மாட்டார்கள். ஒரு முறை என் சித்தி மகள் வீடு மைதானத்திலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்தது. அவள் சமைத்து வைத்துக் காத்திருந்தாள். நாங்கள் இரவுக்கு 210 டாலர் கொடுத்து ஹோட்டலில் படுத்தோம்.

ஏன் இவ்வளவு செலவு? ஐரோப்பாவில் பெரிய கிளப்புகள் சிறுவர்களைத் தங்கள் செலவில் வளர்க்கின்றன, ஏனென்றால் நாளை அந்தப் பையனை வேறு கிளப்புக்கு விற்றுப் பணம் பார்க்கலாம். அமெரிக்காவில் பெண் பிள்ளையை வளர்க்கும் கிளப்புக்கு அப்படி ஒரு வருமானம் கிடையாது. பயிற்சியாளர் சம்பளம், மைதான வாடகை, மின்விளக்கு எல்லாமே பெற்றோர் பையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கிளப்புகள் பெற்றோருக்கு விற்கும் பொருள் கல்லூரிக் கனவு.

அந்தக் கனவு வெறும் பொய் இல்லை. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்கு 85 ஆண்களுக்கு உதவித்தொகை கொடுத்துவந்த கல்லூரிகள், அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் பெரிய அணிகளைத் தொடங்க வேண்டியிருந்தது. அப்படிப் பெருகியவற்றில் ஒன்றுதான் பெண்கள் கால்பந்து. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று பிரிவுகள். இன்று மேல்மட்டமான முதல் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. 1999இல் ரோஸ் பவுல் மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர் முன்னிலையில் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்கப் பெண்கள் அந்தக் கல்லூரி மைதானங்களிலிருந்து வந்தவர்கள்தான். நம் மகள்கள் இன்று ஓடுவதற்கு ஒரு திடல் இருக்கிறதென்றால் அந்தச் சட்டத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அண்மைக்காலம் வரை முதல் பிரிவு அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்டது 14 முழு உதவித்தொகைகள். அதைப் பயிற்சியாளர் இருபத்தைந்து, முப்பது பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருத்திக்குப் பாதி, ஒருத்திக்குக் கால்வாசி, ஒருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும். அந்த 14ஐயும் முழுதாகக் கொடுக்கப் பல கல்லூரிகளிடம் பணமும் இல்லை. கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்வு அந்த வரம்பை எடுத்துவிட்டு, அதற்கு உடன்படும் கல்லூரிகளில் அணிக்கு 28 பேர் என்று ஆள்கணக்கை வைத்தது. இருபத்தெட்டுப் பேருக்கும் முழுத் தொகை கொடுக்கலாம் என்று காதில் விழுந்ததும் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழு துள்ளிக் குதித்தது. கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதே தீர்வுப்படி கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஆண்களின் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. முன்பு முப்பத்திரண்டு, முப்பத்தைந்து பேரை வைத்திருந்த அணிகளில், உதவித்தொகை இல்லாவிட்டாலும் ஆடினால் போதும் என்று இருந்த பெண்களுக்கான கடைசி நாற்காலிகள் போய்விட்டன.

இதற்குமேல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். 2018இல் அது வந்தது. அதன் பிறகு, ஒரு பெண் தன் கல்லூரியிடம் அனுமதி கேட்காமலே அதில் பெயர் கொடுத்து வேறு கல்லூரிகளோடு பேசலாம் என்றாகிவிட்டது. ஒரு பயிற்சியாளருக்கு இருபத்தொரு வயது, மூன்று ஆண்டு கல்லூரி ஆட்டம் ஆடிய பெண் கிடைக்கும்போது, பதினேழு வயதுப் பெண்ணை எடுத்து வளர்க்க அவருக்கு என்ன அவசரம்? அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தோற்றால் அவருக்கு வேலை போகும். ஆனால் இதைக் கிளப்பில் யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை.

உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடும் பெண்களில் கல்லூரி அணியில், எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, ஆடப்போகிறவர்கள் நூறில் ஏழெட்டுப் பேர். இந்த ஒரு எண்ணையாவது கிளப் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் அரிசோனாவில் ஒரு ஷோகேஸ் போட்டி. கல்லூரிப் பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பதற்கென்றே நடத்துவது. கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு, கல்லூரிச் சின்னம் தைத்த சட்டையோடு, மடியில் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் கடிதம் எழுதியிருந்த ஒரு கல்லூரியின் பயிற்சியாளரும் அதில் இருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணியின் முன்கள ஆட்டக்காரியை மாற்றி உட்காரவைத்தார்கள். உடனே அவர் நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போய்விட்டார். அவர் வந்தது அந்தப் பெண்ணுக்காக.

என் மகள் பந்தை வெளியிலிருந்து எறிவதற்காக அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள். அன்று மாலை விமான நிலையத்தில், ஈரக் காலுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அம்மா, எனக்கு எந்தக் கல்லூரியும் கிடைக்கவில்லை என்றால் இத்தனை பணமும் வீணா?"

அந்தக் கேள்வியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். கட்டணம் கட்டும் ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு மேசையில் அவள் அப்பாவும் நானும் "பரவாயில்லை, இது முதலீடு" என்று எங்களுக்கு நாங்களே தேற்றிக்கொண்டோம். அவள் காதில் அது கடனாக விழுந்திருக்கிறது. பதினைந்து வயதில் தன் கால்களால் அடைக்க வேண்டிய கடன்.

நம் வீடுகளில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்கிறது. மண்டபம், பக்கவாத்தியம், நகை, புடவை, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. பல குடும்பங்களில் இதைவிட அதிகமாகவே செலவாகிறது. ஆடி முடித்த பெண்ணிடம் போய், போட்ட பணத்தை எப்போது எடுப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆடத் தெரிந்த பெண்ணாக வளர்ந்தாளே என்று சந்தோஷப்படுகிறோம். பந்தாடும் பெண்ணுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

முதலீடு என்றே பார்த்தாலும் அது நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்று கால்வாசி உதவித்தொகை தருவதாகச் சொன்னது. மீதி முக்கால்வாசி, நம் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எந்த உதவியும் இல்லாமல் படிப்பதைவிட அதிகம். ஆறு ஆண்டு கிளப் பணத்தைச் சும்மா வங்கியில் போட்டு வைத்திருந்தால் படிப்புச் செலவில் ஒரு நல்ல பங்கு அடைந்திருக்கும்.

ஜூன் 15 நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் அந்த நாளிலிருந்துதான் முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பெண்களை நேரடியாக அழைத்துப் பேசலாம். முன்பு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே வாய்மொழி வாக்குறுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த 2019இல் வந்த விதி. நல்ல விதிதான். ஆனால் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு யாருக்கு எத்தனை செய்தி வந்தது என்று மறுநாள் காலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிடுகிறது. என் மகள் தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு விழித்திருந்தாள். மூன்று நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கோல்கீப்பராக உன் ஆட்டத்தை ஆர்வத்தோடு கவனித்துவருகிறோம், 225 டாலர் கட்டி முகாமுக்கு வா என்று எழுதியிருந்தது. அவள் ஒரு நாளும் கோல்கீப்பராக நின்றவள் இல்லை. எல்லா முகாமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் பெயர் சொல்லி, உன் இன்ன ஆட்டத்தைப் பார்த்தேன் என்று எழுதினால் போகலாம். மொத்தமாக அனுப்பும் அழைப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

கோல்கீப்பர் என்றதும் எங்கள் அணியில் இருந்த பெண்ணின் நினைவு வருகிறது. அந்த வயதில் அப்படிக் கையை நீட்டிப் பாயும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவள் அப்பா வீடுகளுக்குக் கூரை போடும் வேலை செய்பவர். கட்டணத்தில் கிளப் பாதி தள்ளுபடி கொடுத்தது. பயணத்துக்குத் தள்ளுபடி இல்லை. இரண்டு போட்டிகளுக்கு மற்ற பெற்றோர்கள் பணம் சேர்த்து அழைத்துப்போனோம். மூன்றாவது முறை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி நாள் பயிற்சி முடிந்ததும் அந்தப் பெண் தன் கையுறையைக் கழற்றி, அடுத்த கோல்கீப்பர் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனாள். 2015 உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் கோல்கீப்பர் ஹோப் சோலோ, தான் இன்றைய சிறுமியாக இருந்தால் தன் குடும்பத்தால் இந்தச் செலவைத் தாங்க முடிந்திருக்காது என்று 2018இல் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கையுறைதான் கண்முன் நின்றது.

கிளப்புகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், பயணம் உட்பட ஓராண்டு முழுச் செலவையும் ஒரே தாளில் கொடுங்கள். உங்கள் அணியிலிருந்து எத்தனை பேர் எந்தப் பிரிவுக்குப் போனார்கள், அதில் எத்தனை பேருக்கு உண்மையில் பணம் கிடைத்தது என்று சொல்லுங்கள். டாலஸைச் சுற்றியே இத்தனை வலுவான அணிகள் இருக்கும்போது, டெக்சஸ் அணியோடு ஆடுவதற்காக டெக்சஸ் பிள்ளைகளை அரிசோனாவுக்குப் பறக்கவிடாதீர்கள். போன ஆண்டு எங்களுக்கு அது நடந்தது.

பெற்றோர்களுக்கு ஒன்று. மூன்றாம் பிரிவு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எம்.ஐ.டி.யும் சிகாகோ பல்கலைக்கழகமும் மூன்றாம் பிரிவில்தான் ஆடுகின்றன. அங்கே விளையாட்டுக்கு உதவித்தொகை கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி உண்டு. முதல் பிரிவில் ஆடும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டு உதவித்தொகை இல்லை. என் மகள் இப்போது கடிதம் எழுதியிருக்கும் ஆறு கல்லூரிகளில் நான்கு மூன்றாம் பிரிவு. பட்டியலை அவளே போட்டாள். எங்கே கால்பந்து இல்லாவிட்டாலும் நான்கு ஆண்டு சந்தோஷமாகப் படிப்பேன் என்று யோசித்துப் போட்டேன் என்றாள்.

அன்று விமான நிலையத்தில் நான் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, அவள் அப்பாவையும் உட்காரவைத்து, இந்தப் பணம் நீ ஆடுவதற்காக நாங்கள் செலவழித்தது, நீ ஏற்கெனவே ஆடிவிட்டாய், எங்களுக்குத் திரும்பி வர வேண்டியது எதுவும் இல்லை என்று சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் பயிற்சிக்குப் போகும்போது, பல மாதங்களுக்குப் பிறகு, காரில் பாட்டுப் போட்டாள்.

அந்தத் தம்பிக்கு: எட்டு வயதுக்கு 2,400 டாலர் வேண்டாம். உங்கள் ஊரின் பொழுதுபோக்கு லீக்கில் ஒரு பருவத்துக்கு நூறு, நூற்றைம்பது டாலர்தான். அதில் சேருங்கள். பத்து, பதினொரு வயதில் அவளே இன்னும் வேண்டும் என்று கேட்டால் அப்போது பேசுவோம். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மகளுக்கு ஆட்டம் இருக்கிறது. பாப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள், முடிந்ததும் அக்காவோடு கொஞ்ச நேரம் பந்தாடட்டும்.