முழங்கையை மட்டும் விட்டுவிடுங்கள்

கோடை விடுமுறையும் மாங்காய் சீசனும் சேர்ந்து வருகிற மாதங்களில் எங்கள் பக்கம் எந்த ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவுக்குப் போனாலும், கழுத்தில் துண்டு கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். மாமரம், புளியமரம், மொட்டைமாடிப் படி, அண்ணன் ஓட்டிய சைக்கிளின் கேரியர். விழுந்த இடம்தான் வேறு வேறு, கையை ஊன்றி விழுந்தது எல்லாரும்தான். சில பிள்ளைகளின் கையில் ஏற்கனவே மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டு ஒன்றும் இருக்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட், தர்மபுரியில் வேலை. நாட்டுக் கட்டுக்காரர்களைத் திட்டி ஒரு பதிவு போட்டால் லைக் விழும், தெரியும். ஆனால் அவர்களுக்குப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. மணிக்கட்டுப் பக்கம் முறிந்த பிள்ளைகள் அவர்களிடம் போய்ப் பெரும்பாலும் நன்றாகத்தான் திரும்புகிறார்கள். முன்கை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத்திலிருந்துதான் வளர்கிறது. அதனால் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும், வளர்கிற வேகத்தில் எலும்பே தன்னை நேராக்கிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கினால் முழங்கையில் மூட்டு லேசாக நழுவும். தெரிந்தவர் ஒரு திருப்புத் திருப்பினால் சற்று நேரத்தில் அதே கையால் பிஸ்கட் வாங்கித் தின்னும். எலும்பு அங்கே முறியவே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் ஊர் முழுக்கச் சொல்லாமல் இருப்பார்களா?

அந்தப் பெயரை நம்பி, விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த கையையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போகிறோமே, அங்கேதான் வம்பு. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் முழங்கைப் பக்கத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். அங்கே பக்கவாட்டில் கோணலாக ஒட்டினால் கோணல் அப்படியே நின்றுவிடும். கையை நீட்டச் சொன்னால் முன்கை உடம்பை நோக்கி உள்பக்கமாக வளைந்து நிற்கும். பிறகு எலும்பை வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

கோணலாவது பரவாயில்லை. எனக்குப் பயம் ரத்த ஓட்டத்தை நினைத்துத்தான். அந்த வயதில் முழங்கைக்கு மேலே எலும்பு முன்னும் பின்னும் குழிந்து, நடுவில் தகடு மாதிரி மெலிந்திருக்கும். அது முறிந்து விலகும்போது மேல் துண்டின் கூர்முனை முன்பக்கம் நீட்டிக்கொள்ளும். கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் சரியாக அந்த வழியில்தான் போகின்றன. வீக்கம் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் மேலே இறுக்கிக் கட்டினால் முன்கைத் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரம் போதும், தசை செத்துவிடும். அப்புறம் விரல்கள் கொக்கி போல மடங்கி அப்படியே இருந்துவிடும். இறுக்கமான கட்டுதான் இதற்குக் காரணம் என்று ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881இலேயே எழுதி வைத்துவிட்டார். அவர் பார்த்தது அங்கத்திய ஆஸ்பத்திரிக் கட்டுகளை. எனவே நம் ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். வலி மருந்து கொடுத்தும் அழுகை ஏறிக்கொண்டே போனால், விரலை நீங்கள் நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், விரல் சில்லென்று இருந்தாலோ வெளுத்தாலோ, நள்ளிரவானாலும் போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

விழுந்தவுடன் கையை இழுத்து நேராக்காதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு அட்டையை வைத்துத் துண்டால் தாங்கிக் கொண்டுபோங்கள். மணிக்கட்டில் இருக்கிற திருஷ்டிக் கயிறு, வளையல், காப்பு எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். வீங்கிய கையில் கோயில் கயிறு சதைக்குள் புதைந்து கிடக்க, "சாமி கயிறு, வெட்டக் கூடாதுங்க" என்று பிள்ளையின் ஆயா கையைத் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வெட்டியதற்காக எந்தச் சாமியும் கோபித்ததாகத் தெரியவில்லை. வழியில் பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

அந்த ஆயாவின் அடுத்த கேள்விதான் எல்லாருடைய கேள்வியும். "கம்பி வச்சா காலத்துக்கும் உள்ளயே கெடக்குமா சார்?" கிடக்காது. இந்த முறிவுக்குப் பெரும்பாலும் கையைக் கிழிப்பதே இல்லை. மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே எலும்பை இடத்தில் உட்கார வைத்து, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். முனைகள் வெளியே நிற்கும். மூன்று நான்கு வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவி எடுத்துவிடுவார்கள். விலகாத முறிவென்றால் மாவுக்கட்டோடு சரி. தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கும் 2022இல் வந்துவிட்டது. அஞ்செட்டி, சித்தேரி மலைக்காரர்களுக்குத் தூரம் இன்னமும் தூரம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதோடு ஆஸ்பத்திரியில் மேலே சொன்னதை நின்று விளக்க ஆள் இருப்பதில்லை. கட்டுக்காரர் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுகிறார். சனம் அங்கே போவதற்கு இது பெரிய காரணம்.

அதனால் கட்டுக்காரர்களிடமே கேட்கிறேன். மணிக்கட்டையும் சுளுக்கையும் பற்றி இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்வோம். விழுந்து முழங்கை வீங்கிய பிள்ளை வந்தால் மட்டும் கட்டாதீர்கள், திருப்பாதீர்கள், 108க்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள். உங்கள் பெயருக்கும் அதுதான் நல்லது.

கட்டுப் பிரித்த பிறகு நடப்பதும் எனக்கு வருத்தம். கை நீளவில்லை என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள், மணல் வாளியைத் தூக்க வைக்கிறார்கள். வலுக்கட்டாயமாக உருவினால் தசைக்குள் புது எலும்பு படிந்து மூட்டு இன்னும் இறுகலாம். என் பிழைப்பையே கெடுத்துக்கொண்டு சொல்கிறேன், இந்த முறிவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு பிசியோதெரபியே தேவைப்படாது. தானாகச் சாப்பிட்டு, சட்டை மாட்டி, விளையாடிக்கொண்டிருந்தால் சில மாதங்களில் கை நீண்டுவிடும். மரத்தில் ஏறுவதை மட்டும் டாக்டர் சரி என்கிற வரை தள்ளிப்போடுங்கள்.