ஹோம் நர்ஸ் சம்பளத்தில் அரசுக்கும் பங்கு வேண்டும்

மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கம் யாரிடமாவது, "வீட்டில் பெரியவங்களைப் பார்க்க ஒரு ஆள் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆள் வரும், நிக்காது" என்பார்கள். இத்தனைக்கும் நம் குமரி மாவட்டத்தில் நர்சிங் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் அடுத்தவர்களின் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே ஆளில்லாமல் படுக்கையில் கிடக்கிறார்கள்.

"இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுப்பில்லை" என்று பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுவதும் விழுந்துபோனபோது, ஏஜென்சி மூலம் ஒரு அக்கா வந்தார். அண்டி ஆபீஸில் பல வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பார், ராத்திரியிலும். டியூப் வழியாகக் கஞ்சி கொடுத்து முடித்த பிறகும் தலைமாட்டை உடனே இறக்க மாட்டார். அவர் இருந்தவரை அம்மா முதுகில் ஒரு புண் வரவில்லை. படுக்கைப்புண்ணைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

நாங்கள் கொடுத்ததில் ஒரு பங்கை ஏஜென்சி எடுத்துக்கொண்டது. அவருக்கு வார லீவு இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. நடு முதுகு பிடித்து அவரே படுத்துவிட்டபோது, வராத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அப்புறம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார். அங்கே ராத்திரி தன் வீட்டில் தூங்கலாம். அவரை எப்படிக் குறை சொல்வது? எங்களாலும் அதற்கு மேல் கொடுக்க முடியவில்லை. அவருக்கு அது போதவும் இல்லை. இந்தப் பள்ளத்தைப் பொதுப்பணத்தால்தான் நிரப்ப முடியும்.

இங்கிலாந்தும் இதே இடத்தில் மாட்டியது. கொரோனா காலத்தில் பராமரிப்புப் பணியாளர்கள் வேலையை விட்டுப் போனபோது, ஆள் சேர்க்கவும் இருப்பவர்களைத் தக்கவைக்கவும் என்றே அந்த அரசு 2021 அக்டோபரில் 16.25 கோடி பவுண்டும், டிசம்பரில் மேலும் 30 கோடி பவுண்டும் அறிவித்தது. ஆனால் அது 2022 மார்ச்சோடு முடிகிற பணம். அந்த நிதியாண்டில் சுமார் 1,65,000 இடங்கள் காலியாகவே கிடந்தன. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசா திறந்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போனஸை நம்பி யாரும் ஒரு வேலையில் வருஷக்கணக்கில் இருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமும் சம்பளம் வரும் என்று தெரிந்தால் இருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், களியக்காவிளை தாண்டினால் கேரளா. தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற பாலியேட்டிவ் சிகிச்சைக்கு 2008-லேயே அங்கே ஒரு கொள்கை வந்துவிட்டது. உள்ளாட்சி தன் நிதியிலிருந்து நர்ஸ் வைத்து வீடு வீடாக அனுப்புகிறது. நம்மிடமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஒன்றியத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் குமரியில் இருப்பது 9 ஒன்றியங்கள். மேல்புறம், திருவட்டாறு மலையோரத்தில் ஒரு நர்ஸ் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்குவார்? வந்தவர் காதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றிவிட்டுப் போன பிறகு, மிச்ச நேரம் முழுக்கப் பார்ப்பது யார்?

அந்தத் திட்டத்தோடு சேர்த்தே ஊராட்சிதோறும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களை வைக்கலாம். சம்பளம் நேராக அவர்கள் கணக்கில் விழட்டும். வார லீவும் பி.எஃப்.பும் இருக்கட்டும், பஸ் போகாத ஊருக்கு ஆட்டோக் காசு இருக்கட்டும். வசதியுள்ள குடும்பம் தன் பங்கைக் கட்டட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்று இருக்கிறது.

அங்கன்வாடி ஊழியர்களை வருஷக்கணக்கில் காக்கவைத்தது போல மட்டும் இவர்களைக் காக்கவைத்துவிடக் கூடாது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975-ல். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். புண்ணில் கிருமி ஏறி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் வந்து படுப்பவருக்கு ஆகும் செலவும் அரசுப் பணம்தானே? அம்மாவைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் மகள்களின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அதில் பார்க்க ஆளில்லாத வீடு எத்தனை என்று உங்கள் ஊர்க் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். பேரூராட்சிக்காரர்கள் கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுக்கலாம். நாங்கள் எழுதிய மனுவின் நகல் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.