முள் 17இல் நிற்கிறது

(இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு மண்டபம். செவ்வாய்க் கிரகக் கண்காட்சி. 'ஏறிப் பாருங்கள்: செவ்வாயில் உங்கள் எடை' என்று எழுதிய தராசின் மேல் ஒரு பாட்டி.)

பாட்டி: தம்பி, முள் 17இல் நிற்கிறது. மீதி எங்கே?

வழிகாட்டி: அங்கே ஈர்ப்பு குறைவு பாட்டி. பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். இங்கே நீங்கள் 45 கிலோ, அங்கே 17.

பாட்டி: போன வெள்ளிக்கிழமை கிளினிக்கில் 50 என்றார்களே?

வழிகாட்டி: செருப்போடு ஏறியிருப்பீர்கள்.

பாட்டி: 5 கிலோ செருப்பைப் போட்டுக்கொண்டு நான் எந்த மலை ஏறுவது? சரி, எங்கள் தோட்டத்தில் 18 கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தால்தான் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். அந்தக் கொழுந்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தால்?

வழிகாட்டி: (கைபேசியில் கணக்குப் போட்டு) 6.84.

பாட்டி: அரைப்பேரும் போயிற்று. சாக்குக்குக் கழித்தீர்களா, ஈரத்துக்குக் கழித்தீர்களா?

வழிகாட்டி: யாரும் கழிக்கவில்லை! அதோ பாருங்கள், கியூரியாசிட்டி ரோவர், ஆய்வு வண்டி. 2012இல் செவ்வாயில் இறங்கியது. இங்கே 899 கிலோ, அங்கே 340 சொச்சம்.

பாட்டி: ஏற்றியது 899, இறக்கியது 340. கணக்கப்பிள்ளை யார்?

வழிகாட்டி: அதில் மனிதரே போகவில்லை பாட்டி.

பாட்டி: ஆளே இல்லாமல் 550 கிலோவா! எங்கள் ஆள் பாவம், ஒரு சாக்குக்கு இரண்டு கிலோவோடு விட்டுவிடுகிறார்.

வழிகாட்டி: (பேச்சை மாற்றி) அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம், தெரியுமா?

பாட்டி: அந்த 39 நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா?

வழிகாட்டி: ஐயோ பாட்டி, எடைதான் குறைகிறது, பொருள் குறையவில்லை. தட்டுத் தராசில் வைத்தால் படிக்கல்லும் அதே அளவு இலேசாகிவிடும். அங்கேயும் 18 கிலோ என்றுதான் காட்டும்.

பாட்டி: அப்படிச் சொல். கொழுந்து குறையவில்லை, தராசுதான் குறைக்கிறது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டாமல், அந்த வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள்.

(இறங்குகிறார். முள் பூச்சியத்தையும் தாண்டி, இரண்டு கோடு கீழே போய் நிற்கிறது.)

வழிகாட்டி: அடடா, தராசு பழுது போலிருக்கிறது.

பாட்டி: எங்கள் தராசும் இதே பக்கம்தான் பழுதாகும்.