பந்தியில் கேட்ட ஓர் 'அது'

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் பேச்சு வந்தது. பக்கத்து இலை மாமா, நன்றாகப் படித்தவர், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடியே சொன்னார்: "அது திருநங்கைதானே? ஆம்பளையா இருந்து மாறிப் போய், பொம்பளைங்களோட பந்தயத்துல ஓடிடுச்சு." கல்யாண வீடு. வாயை மூடிக்கொண்டு பாயசத்துக்குக் காத்திருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இந்தப் பதிவு.

சாந்தி எதிலிருந்தும் எதற்கும் மாறவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்களின் மகளாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். பிறகு பாலினச் சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போதும் தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தைப் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த மனுஷி, சில வருஷம் கழித்து ஒரு செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார்.

மாமா இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிவிட்டார். திருநர் என்பது, பிறந்தபோது ஊர் சொன்ன பாலுக்கு மாறாக ஒருவர் தன்னை உணர்வது. ஊடுபால் என்பது, ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் உடம்பு பிறந்த விதம். சிலருக்கு, பொதுவாக ஆண்களுக்கு உள்ள எக்ஸ்ஒய் குரோமோசோம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் சுரக்கும், ஆனால் உடம்பின் செல்கள் அதை ஏற்காது. குழந்தை பெண்ணாகவே வளரும். "இன்னும் வயசுக்கு வரலையே" என்று டாக்டரிடம் கூட்டிப்போகும் நாளில்தான் வீட்டுக்கே தெரியவரும். அந்தப் பிள்ளையிடம் கேட்டால் தன்னைப் பெண் என்றே சொல்லக்கூடும். வேறு ஊடுபால் மனிதர் ஆண் என்பார், இன்னொருவர் இரண்டும் இல்லை என்பார். திருநர் உரிமைகளுக்கான 2019 மத்தியச் சட்டமே திருநர், ஊடுபால் என்ற இரு தரப்பையும் ஒரே வரையறைக்குள் அடைத்திருக்கும்போது மாமாவை மட்டும் குறை சொல்லி என்ன பண்ண?

எனக்குப் பெரிய கவலை பிரசவ அறை வாசல்தான். "என்ன குழந்தை?" என்று பத்துப் பேர் நிற்கிறோம். டாக்டர் குழந்தையின் பிறப்புறுப்பைப் பார்த்து உடனே பதில் சொல்ல முடியாமல் தயங்கினால் தாங்க மாட்டோம். அட்ரீனல் சுரப்பிக் கோளாறோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு உடம்பில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். அங்கே மருந்து அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. ஆனால் பிறப்புறுப்பைப் பார்க்க 'சரியாக' இருக்கும்படி வெட்டித் தைப்பதில் என்ன அவசரம்? அது நம் அவசரம், குழந்தையுடையது இல்லை.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத்தான் கேட்டது. வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்வது பற்றி. அந்தத் தீர்ப்பிலேயே இந்த அறுவை சிகிச்சைகளையும் தடுக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட்டில் அரசாணை வந்தது: உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, ஊடுபால் குழந்தைகள் மேல் கத்தி படக் கூடாது. இந்தியாவில் முதலில் செய்தது நாம். பந்தியில் இதை யாரும் பேசவில்லை, நானும்தான்.

மாமா என் நட்புப் பட்டியலில் இருக்கிறார், கட்டாயம் படிப்பார். மாமா, ஆண்மை திரிந்தவர்களுக்குத் தனி விகுதி கிடையாது என்று சொன்ன தொல்காப்பியரே அவர்களை உயர்திணையில்தான் வைத்தார். சாந்தியோ பெண். 'அது' இல்லை, 'அவர்'.