மறுபடியும் ஒரு நீலக் கலர் தண்ணிக் கட்டம்

புதுசா வந்த கேமுலயும் அதே கூத்துதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்குற கம்ப்யூட்டர் கடையில தோட்டத்துப் பசங்க விழுந்து விழுந்து ஆடுறாங்க. தண்ணிக் கட்டம், அதான் தண்ணிக்கு அடியில ஆட வேண்டிய பகுதி, வந்ததும் ஒவ்வொருத்தனா எழுந்து போயிடுறான். போகாம என்ன பண்ணுவான்? திரையில நீலத்தைப் பூசி, வேகத்தைப் பாதியாக் குறைச்சு, மேல மூச்சு எவ்வளவு மிச்சம்னு காட்டுற ஒரு கோடு போட்டுட்டா அது கடலாயிடுமா?

1998-ல வந்த செல்டா, ஒகாரினா ஆஃப் டைம்னு ஒரு கேம், அதுல வர்ற தண்ணிக் கோயிலை ஆடினவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும். அடியில நடக்கணும்னா இரும்பு பூட்ஸ் வேணும். ஆட்டத்தை நிறுத்து. மெனுவைத் திற. பக்கத்தைப் புரட்டு. பூட்ஸைப் போடு. மெனுவை மூடு. மூழ்கு. நாலு எட்டு நட. மேல போகணுமா? நிறுத்து, திற, புரட்டு, கழட்டு, மூடு, மித. நீர்மட்டத்தை மாத்த மூணே இடம். ஒரு சாவியைத் தவற விட்டா கோயில் முழுக்க மறுபடி சுத்து, மறுபடி நிறுத்து, மறுபடி திற. 2011-ல 3டிஎஸ்-ங்கிற கையடக்க கேம் மெஷினுக்குப் புதுப்பிச்சப்பதான் பூட்ஸை ஒரு பட்டன்ல வெச்சாங்க. 13 வருஷம் ஆச்சு, ஒரு பட்டனுக்கு!

கஷ்டமான வேலைதான், ஒத்துக்கிறேன். தரை இல்லை. ஆடுறவன் மேல, கீழ, பக்கவாட்டுல எப்படியும் வருவான். சுவரு வெச்சுத் தடுத்தா தாண்டி நீந்திடுவான். சுவரோரம் திரும்பினா கேமரா சுவத்துக்குள்ள போய் முட்டுது. முடியும் துணியும் தனியா அசையணும். கதை எழுதுறவனுக்கு இன்னொரு தலைவலி: வாயில குழாயைக் கடிச்சிருக்குறவன் வசனம் பேச முடியாது.

அதுக்காக ஓடிடுறதா? தண்ணியே சட்டதிட்டத்தைக் கையில குடுக்குது. சிவப்பு வெளிச்சம் முதல்ல சாகும். 20 மீட்டர்ல வெட்டுக்காயத்து ரத்தம் பச்சையாத் தெரியும், டார்ச் அடிச்சாத்தான் சிவக்கும். சத்தம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர், காத்துல போறதைவிட நாலு மடங்குக்கு மேல. அதனால எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு காதுக்குப் பிடிபடாது. பயமுறுத்த இதைவிட என்ன வேணும்? ஒவ்வொரு 10 மீட்டருக்கும், கடல் மட்டத்துல இருக்குற காத்தழுத்தம் அளவுக்கு அழுத்தம் கூடும். 10 மீட்டர்ல சிலிண்டர்லேர்ந்து இழுத்த மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல்ல அது ரெண்டு மடங்காப் பெருகும், கிழிச்சிடும். மெதுவா ஏறி, 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும். சிதைஞ்ச கப்பலுக்குள்ள கால்ல மாட்டின துடுப்பைக் கீழ்நோக்கி ஒரு தடவை உதைச்சாப் போதும், படிஞ்ச சேறு கிளம்பி வந்த வழியே மறைஞ்சிடும். இதுல எதையாவது எவனாவது தொட்டானா?

சப்நாட்டிக்கா தொட்டுச்சு. 2018-ல முழுசா வந்த கேம். ஆரம்பத்துல 45 நொடி மூச்சு. சின்ன நீர்மூழ்கி 200 மீட்டரைத் தாண்டினா நசுங்க ஆரம்பிக்கும். ஆழம்தான் பூட்டு, ஆழம்தான் சாவி. துப்பாக்கியே இல்லாம அம்புட்டு பேரைக் கட்டிப்போட்டுச்சே!

நம்ம எழுத்துக்காரங்க மேலயும் கோபம் இருக்கு. கொற்கையில முத்துக் குளிச்ச இனம். கயித்துல கட்டின கல்லை மிதிச்சுக்கிட்டு மன்னார் கடல்ல இறங்கினவங்க. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்லுது. இருந்தும் கதை எல்லாம் கரையிலயே நின்னுடுது. இங்க மலேசியாவுல, குவாந்தானுக்கு வெளியே கடல்ல 1941 டிசம்பர் 10-ல ஜப்பான் விமானங்க மூழ்கடிச்ச ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்னும் அடியிலதான் கிடக்கு. பழைய இரும்புக்காக அதையும் திருட்டுத்தனமா அறுத்து எடுக்குறானுங்க. இதுல ஒரு நாவல் இல்லையா? ஒரு கேம் இல்லையா?

இந்த லட்சணத்துல அந்தப் புது கேமுக்கு ஜிபி கணக்குல அப்டேட் வேற. தண்ணிக் கட்டத்தைச் சரி பண்ணலை, துப்பாக்கிக்குப் புதுத் தோல், அதான் வெளித்தோற்றம், போட்டிருக்கான். ஒரு மழை பெஞ்சா இங்க இன்டர்நெட் லைன் போயிடுது, செம்பனைக் காட்டைத் தாண்டி ஆள் வந்து சரி பண்ண ஒரு வாரம். ஆனா பில்லு மட்டும் மாசம் தவறாம வருதே, அது எப்படி?